உடற்பருமனுக்கான அரச சத்திரசிகிச்சை: தெரிவுக்கு முன் சிந்திக்க வேண்டியவை

உடற்பருமன் நமது சமூகங்களில் நீண்ட காலமாக ஒரு நோயாகக் கருதப்படவில்லை. ஒரு காலத்தில் அது செழிப்பின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. பின்னர் கேலிக்குரியதாயிற்று. இன்றும் பருத்த உடலுடைய ஒருவரைக் காணும்போது, வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்ற பழியே முதலில் எழுகின்றது. பரம்பரை, ஓமோன்கள், தூக்கம், உட்கொள்ளும் மருந்துகள், வாழும் சூழல் எனப் பல காரணிகள் சேர்ந்து உருவாக்கும் நாட்பட்ட நோய் இது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகளாகி விட்டன. எனினும் அந்த உண்மை நமது வீடுகளின் வாசலை இன்னும் முழுமையாகத் தாண்டி வரவில்லை.

மன்னார் தீவின் தாராபுரத்தில் வாழும் நாற்பது வயதுத் தாய் ஒருவரை எண்ணிக் கொள்வோம். உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 90 கிலோகிராம். மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் மாத்திரை பெறுகின்றார். முழங்கால் வலியினால் தொழுகையில் நிலத்தில் அமர முடியாமல் கதிரையில் அமர்ந்தே தொழுகின்றார். உணவைக் குறைத்தும் நடந்தும் பார்த்து விட்டார்; குறைந்த சில கிலோக்கள் மீண்டும் வந்து விட்டன. இந்நிலையில், கொழும்பில் அரச வைத்தியசாலையில் இலவசமாகவே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து எடையைக் குறைக்கலாம் என யாரோ சொல்கின்றார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்? எந்தச் சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்ய வேண்டும்?

இத்தாய் நமது கற்பனை. ஆனால் அவருடைய நிலையில் உள்ளோர் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குகின்றோம்.

யாருக்கு உரியது?

கிலோகிராமிலான எடையை, மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்றிணிவுச் சுட்டி. மேற்சொன்ன தாய்க்கு அது சரியாக 40 ஆகும். 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வகுத்த அளவுகோலின்படி, இச்சுட்டி 40ஐ எட்டியவர்களும், 35ஐ எட்டி நீரிழிவு போன்ற இணைநோய்கள் உள்ளவர்களும் இச்சத்திரசிகிச்சைக்குத் தகுதியுடையோர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல நாடுகள் இதனையே பின்பற்றின.

ஆனால் தெற்காசிய உடல்வாகுக்கு இவ்வளவுகோல் முழுமையாகப் பொருந்துவதில்லை. அதே சுட்டியில் ஐரோப்பியரை விட நமக்கு வயிற்றுப் பகுதிக் கொழுப்பு அதிகம். நீரிழிவும் முந்தி வருகின்றது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் தொடர்பில் 23, 27.5 ஆகிய குறைந்த எல்லைகளைக் கவனத்திற் கொள்ளுமாறு கூறியது. 2022இல் இத்துறையின் சர்வதேச, அமெரிக்க அமைப்புகள் இரண்டும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டலில், ஆசியருக்கு 27.5இலிருந்தே சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிக்கலாம் எனக் கூறப்பட்டது. இத்தாயின் உயரமுடைய ஒருவருக்கு அது ஏறத்தாழ 62 கிலோகிராம் ஆகும்.

ஆலோசிக்கலாம் என்பது வேறு, அரச செலவில் உடனே கிடைக்கும் என்பது வேறு. சத்திரசிகிச்சைக் கூடங்களும் நிபுணர்களும் மட்டுப்பட்ட ஒரு நாட்டில், சுட்டி உயர்ந்தவர்களுக்கும் இணைநோய் உள்ளவர்களுக்குமே முன்னுரிமை கிடைப்பது இயல்பு. அழகுக்காக மெலிய விரும்புவோருக்கான சிகிச்சையும் இதுவன்று.

பொது நிதி எதனை உள்ளடக்குகின்றது?

பிரித்தானியாவில் வாழும் நமது உறவினர்கள் பலர் தேசிய சுகாதார சேவையின் செலவில் இச்சத்திரசிகிச்சையைப் பெற்றுள்ளனர். அங்கு சுட்டி 40, அல்லது இணைநோயுடன் 35 என்பது பொது விதி. தெற்காசியர் உள்ளிட்ட சில இனத்தவருக்கு 2.5 அலகு குறைத்துக் கணிக்கப்படுகின்றது. நாம் கவனிக்க வேண்டியது மற்றொரு விதியை. சத்திரசிகிச்சை செய்த பிரிவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதன் பின்னர் அவரது குடும்ப வைத்தியருடன் இணைந்து, ஆண்டுக்கு ஒரு தடவையேனும் வாழ்நாள் முழுவதும் பரிசோதனை நடைபெற வேண்டும். அதாவது அங்கு பொது நிதி கத்திக்கு மட்டும் செலவிடப்படுவதில்லை. பிற்காலக் கண்காணிப்புக்கும் சேர்த்தே செலவிடப்படுகின்றது.

இந்தியாவில் 2019இல் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணையம், சுட்டி 40க்கு மேற்பட்டோருக்கும் கடும் இணைநோயுடன் 35க்கு மேற்பட்டோருக்கும் வைத்தியரின் ஆலோசனைப்படி செய்யப்படும் இச்சத்திரசிகிச்சையைக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக விலக்கி வைக்க முடியாதவாறு விதிகளைத் திருத்தியது. அங்கு தனியார் வைத்தியசாலைகளும் இத்துறையில் பெருகியுள்ளன. 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னையின் புறநகர் வைத்தியசாலை ஒன்றில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணை நடத்தி, அவ்வைத்தியசாலையின் அனுமதியைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. அனுபவமிக்க நிலையங்களில் இச்சிகிச்சையால் மரணம் நேர்வது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் உள்ளது. பித்தப்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு இது ஒப்பானது. ஆனால் அக்கணக்கு அனுபவமும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள இடங்களுக்கே உரியது.

இலங்கையைப் பொறுத்தவரை, அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலும் இச்சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டு வந்துள்ளன. அங்கு செல்வதற்கான வழி, மன்னார் வைத்தியசாலைக் கிளினிக்கிலிருந்தே தொடங்குகின்றது. நீரிழிவு எத்தனை ஆண்டுகளாக உள்ளது, என்ன மருந்துகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் யாவை, எடை குறைக்க எடுத்த முயற்சிகள் என்ன என்பன அடங்கிய பரிந்துரைக் கடிதத்தைப் பெற்றுச் செல்வதே முறை. கடிதமின்றிச் செல்வோர் மீண்டும் மீண்டும் அலைய நேரிடும். அங்கும் உடனே சத்திரசிகிச்சை நடைபெறாது. ஓமோன் நோய் நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், போசணை ஆலோசகர், தேவையெனில் உளநல வைத்தியர் ஆகியோர் பார்த்த பின்னரே முடிவு எடுக்கப்படும். குழாய் வழியாக இரைப்பையை நோக்கும் எண்டோஸ்கோபிப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஒரு தடவை பயன்படுத்தி எறியப்படும் ஸ்டேப்ளர் தையற் கருவிகளே இச்சிகிச்சையின் செலவில் பெரும்பங்கு. அவை இறக்குமதியாகின்றவை. கையிருப்பு உள்ளதா, நோயாளி எதனையும் வாங்க வேண்டி வருமா என முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டுள்ளது. இச்சிகிச்சைக்கு அவ்வுதவி பொருந்துமா என்பதை மன்னார் பிரதேச செயலகத்தில் விசாரித்து, எழுத்தில் பெறுவதே பொருத்தம்.

எந்தச் சத்திரசிகிச்சை?

இன்று பெரிதும் செய்யப்படுபவை மூன்று. மூன்றும் பொதுவாக வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யப்படுகின்றன.

முதலாவது ஸ்லீவ் முறை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமான பகுதியை வெட்டி அகற்றி, எஞ்சியதை வாழைப்பழ வடிவிலான ஒரு குழாயாக்கி விடுகின்றனர். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கும் பகுதியும் அகற்றப்படுவதால் பசி குறைகின்றது. வெட்டியதை மீண்டும் பொருத்த முடியாது. நெஞ்செரிச்சலும் புளித்து மேலெழுதலும் உள்ளவர்களுக்கு இது அதனை மேலும் மோசமாக்கக் கூடும்.

இரண்டாவது பைபாஸ் முறை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கி, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கின்றனர். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தாண்டிச் செல்கின்றது. நீரிழிவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது பலன் மிக்கது. ஆனால் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 ஆகியன உறிஞ்சப்படுவது குறைவதால் வாழ்நாள் முழுவதும் மாத்திரைகள் வேண்டும். புகையிலையும், வலிநிவாரணி மாத்திரைகளில் ஒரு வகையும் இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கும்.

மூன்றாவது ஒற்றை இணைப்புப் பைபாஸ். இதில் இரண்டு இணைப்புகளுக்குப் பதிலாக ஒன்றே போதும், நேரமும் குறைவு. இந்தியாவில் இது பெரிதும் செய்யப்படுகின்றது. எடை நன்கு குறையும். ஆனால் பித்தநீர் மேலெழும் அபாயமும், குடலின் நீண்ட பகுதி தாண்டப்படின் போசணைக் குறைபாடும் கூடுதலாகும்.

இரைப்பையைச் சுற்றிக் கட்டும் பட்டி முறை இன்று பெரிதும் கைவிடப்பட்டு விட்டது. இரைப்பையினுள் வைக்கும் பலூன் சில மாதங்களுக்கே உரியது. அதனை எடுத்த பின்னர் எடை திரும்பி வரலாம்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு 2018இல் வெளியான இரு ஐரோப்பிய ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. பின்லாந்தில் 240 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், இருந்த மிகை எடையில் ஸ்லீவ் முறையால் 49 வீதமும் பைபாஸால் 57 வீதமும் குறைந்திருந்தது. சுவிற்சர்லாந்தில் 217 பேரைக் கவனித்ததில், எடை குறைப்பில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் முன்பே நெஞ்செரிச்சல் இருந்தவர்களில் அது மோசமானோர் ஸ்லீவ் பெற்றவர்களில் ஏறத்தாழ 32 வீதம், பைபாஸ் பெற்றவர்களில் 6 வீதம். ஆகவே இரண்டும் பயன் தருகின்றன. தெரிவைத் தீர்மானிப்பது நோயாளியின் இணைநோயும், அவருக்கு அமையப்போகும் பிற்காலக் கண்காணிப்புமே.

தூரம் என்னும் காரணி

நாம் வலியுறுத்த விரும்புவது இதனைத்தான். சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்து விடும். அதன் பின்னான வாழ்வு முப்பது நாற்பது ஆண்டுகள் நீடிக்கும். கொழும்பில் வாழ்பவருக்குப் பொருந்தும் தெரிவு தாராபுரத்தில் வாழ்பவருக்கும் பொருந்தும் என்று கூற முடியாது.

மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். முதல் ஆண்டில் பல தடவைகள் கிளினிக்குக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஒருவர், இருவருக்கும் பஸ் கட்டணம், தங்குமிடம், இழக்கும் நாட்கூலி என்பன சேருகின்றன. கடற்றொழிலில் அன்றாடம் உழைக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. இலவசச் சத்திரசிகிச்சை என்பது வைத்தியசாலை வாசலுக்குள் மட்டுமே இலவசம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறந்து விடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல வீதிகள் துண்டிக்கப்பட்டதையும் கண்டோம். வாழ்நாள் மாத்திரைகளை நம்பியிருக்கும் ஒருவர் இவ்வாறான நாட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன தாயிடமே திரும்புவோம். அவருடைய நீரிழிவை மட்டும் நோக்கின் பைபாஸ் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் முழங்கால் வலிக்கு அவர் அடிக்கடி வலிநிவாரணி விழுங்குபவராயின் பைபாஸ் அவருக்குப் புண்ணைத் தரலாம். இரத்தப் பரிசோதனைக்கும் பி12 ஊசிக்கும் ஒழுங்காகச் செல்ல வழியில்லையாயின், போசணைக் குறைபாடு மெல்ல மெல்ல இரத்தசோகையாகவும் எலும்புத் தேய்வாகவும் நரம்புப் பாதிப்பாகவும் வெளிப்படும். அத்தகையவருக்கு ஸ்லீவ் முறை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாக அமையலாம். ஸ்லீவுக்கும் விற்றமின் மாத்திரை வேண்டும். எனினும் குறைபாட்டின் அபாயம் சற்றுக் குறைவு. ஆனால் அவருக்குக் கடும் நெஞ்செரிச்சல் இருப்பின் அதுவும் பொருந்தாது. அப்போது பைபாஸையே ஏற்று, கண்காணிப்புக்கு முன்கூட்டியே வழி செய்ய வேண்டும். இறுதி முடிவு வைத்தியக் குழுவினுடையது. ஆனால் தூரத்தையும் வருமானத்தையும் அக்குழுவிடம் வெட்கமின்றி எடுத்துரைப்பது நோயாளியின் கடமை. "எங்கள் ஊரில் இந்தப் பரிசோதனை கிடைக்காது, ஐயா" என்று சொல்லத் தயங்குபவர், தமக்குப் பொருந்தாத சிகிச்சையுடன் வீடு திரும்பக் கூடும்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நீண்ட காலம் வாழ்ந்து மீண்ட தாராபுரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் இரு ஊர்களிலும் வீடும் உறவும் உண்டு. மருத்துவக் குறிப்புகளும் இரு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சத்திரசிகிச்சைக்கு முன்னர் மன்னாரா, புத்தளமா எனத் தமது நிரந்தரக் கிளினிக்கைத் தீர்மானித்துக் கொள்வது அவர்களுக்கு மிக அவசியம்.

அபாய அறிகுறிகள் சிலவற்றை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கடும் வயிற்றுவலி என்பன தையல் கசிவைக் குறிக்கலாம். பைபாஸ் செய்தவருக்குப் பல ஆண்டுகளின் பின்னரும் திடீர் வயிற்றுவலி ஏற்படின் குடல் சிக்கியிருக்கலாம். இடைவிடாத வாந்தி இருப்பின் தயமின் எனப்படும் விற்றமின் பி1 விரைவில் குறைந்து, மூளையும் நரம்புகளும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அந்நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றுவது ஆபத்தானது. நள்ளிரவில் மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் ஒருவருடைய சத்திரசிகிச்சை பற்றி அங்குள்ள வைத்தியர் எவ்வாறு அறிவார்? ஆகவே, செய்யப்பட்ட முறை, திகதி, அவசர அறிவுறுத்தல் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையொன்றை நோயாளி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு மேலும் ஒரு விடயம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு அதிகரிக்கின்றது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் சரிவர உறிஞ்சப்படாமற் போகலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே இவ்வாலோசனையைப் பெறுவது நன்று.

நோன்பும் மருந்தும்

நோய்க்குச் சிகிச்சை பெறுவது இஸ்லாத்தில் வரவேற்கப்பட்ட விடயம். இதில் ஐயமுள்ளோர் உலமாக்களிடம் நோயின் தன்மையை விளக்கிக் கேட்கலாம். ரமழான் நோன்பைப் பொறுத்தவரை, சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் 6 முதல் 12 மாதங்கள் நீண்ட நேரம் நீரின்றி இருப்பதைத் தவிர்க்குமாறே நிபுணர்கள் பெரும்பாலும் கூறுகின்றனர். சிறிய இரைப்பையால் இப்தாருக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரத்தில் போதிய நீரையும் புரதத்தையும் ஏற்க முடிவதில்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கும்போது, ஊராருக்கு அஞ்சி உடலை வருத்த வேண்டியதில்லை. ரமழானுக்குச் சில மாதங்கள் முன்னரே வைத்தியரிடம் திகதியைக் கலந்து பேசுவதும் ஒரு வழி. கந்தசஷ்டி விரதம் நோற்கும் இந்துக்களுக்கும், தபசுகாலத்தில் ஒறுத்தல் மேற்கொள்ளும் கத்தோலிக்கருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சில விற்றமின் வில்லைகளின் உறை ஜெலற்றினால் ஆனது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசிகள் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுபவை. இவற்றை மறுப்பவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கூறினால், ஜெலற்றின் அற்ற மாத்திரைகளையோ வேறு ஊசியையோ பற்றி ஆராயலாம். கட்டிலில் கிடக்கும்போது ஊசியை மறுத்தல் உயிராபத்தை வரவழைக்கும்.

வாரம் ஒரு தடவை ஏற்றும் செமக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் பற்றியும் இன்று பெரிதும் பேசப்படுகின்றது. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், நீரிழிவுடன் இருதய நோயோ சிறுநீரக நோயோ, அத்துடன் உடற்பருமனும் உள்ளவர்களுக்காக இவற்றை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பலருக்கு இவை சத்திரசிகிச்சையின் தேவையைத் தள்ளிப் போடலாம். ஆனால் செமக்ளூடைட்டை நிறுத்தியவர்களைக் கவனித்த ஆய்வொன்றில், குறைந்த எடையின் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பி வந்தது. ஆகவே ஊசியானாலும் கத்தியானாலும், தொடர்ச்சியே பிரச்சினை.

மன்னார் மாவட்டத்துக்கு ஒரு உடற்பருமன் சத்திரசிகிச்சைப் பிரிவு வேண்டும் என நாம் கேட்கவில்லை. விசேட வைத்திய நிபுணர்களின் பற்றாக்குறையே தீராத ஒரு மாவட்டத்தில் அது பொருத்தமான கோரிக்கையுமன்று. நாம் கேட்பது எளிது. கொழும்பில் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கென மன்னார் வைத்தியசாலையில் மாதம் ஒரு நாள் கிளினிக், அங்கேயே எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைகள், தடையின்றிக் கிடைக்கும் விற்றமின்கள், கொழும்பு நிபுணருடன் தொலைபேசித் தொடர்பு என்பனவே அவை. சுகாதார அமைச்சும் வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் மனம் வைத்தால், இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

நோயாளிகளுக்கும் நாம் கூறுவது ஒன்றே. இலவசம் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். வெட்கத்துக்காகப் பின்வாங்கவும் வேண்டாம். இலண்டனிலிருக்கும் உறவினர் பெற்ற சிகிச்சை தமக்கும் உரியதென முடிவு செய்யவும் வேண்டாம். எந்த முறை என்று கேட்பதற்கு முன், சத்திரசிகிச்சையின் பின் என்னை எங்கே, யார், எத்தனை ஆண்டுகள் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்த பின்னர் கையொப்பமிடுங்கள்.